எண்பது கோப்பை காபி

ஆஸ்விக், சஸ்காச்சுவன்
செப்டம்பர் 8

அன்புள்ள சிக்னிக்கு,

இங்கே எல்லோரும் நலம். எல்லோரும் என்றால் பதின்மூன்று பேர். நெடுஞ்சாலைப் பலகையில் இன்னும் பதினான்கு என்றுதான் இருக்கிறது. ஏப்ரலில் கிளிஃபர்ட் இறந்த பிறகு அந்த எண்ணை மாற்ற யாருக்கும் மனம் வரவில்லை, அல்லது யாரிடமும் ஏணி இல்லை. ஹாலிஃபாக்ஸில் நீயும் உன் பூனைகளும் சுகம் என்று எடுத்துக்கொள்கிறேன். உலகத்தில் எல்லோரும் போனில் பேசிக்கொள்ளும்போது உனக்காக மட்டும் நான் தபால்தலை வாங்குகிறேன். முப்பது வருடத்துக்கு மேலாக நீ போனை எடுப்பதில்லை. முதலில் காது வலி என்றாய். பிறகு காரணம் சொல்வதையும் விட்டுவிட்டாய். போகட்டும். எனக்கும் எழுதுவதுதான் வசதி. நடுவில் புகுந்து பேச ஆள் இல்லை.

அம்மாவை ஞாயிற்றுக்கிழமை முதியோர் இல்லத்தில் பார்த்தேன். கால் வீக்கம் வடியவில்லை. இதயம் களைத்துவிட்டது என்று மருத்துவர் சொல்கிறார், மூட்டையைப் பாதி வழியில் இறக்கி வைத்தவனைப் பற்றிச் சொல்வது போல. அம்மாவின் புத்தி மட்டும் கத்தி மாதிரி இருக்கிறது. கோதுமை அறுத்தாகிவிட்டதா என்று கேட்டாள். நமக்கு வயல் இல்லாமல் போய் இருபது வருடம் ஆகிறது என்று தெரிந்துதான் கேட்டாள். யார் வயல் காய்ந்துபோயிருக்கிறது என்று தெரிந்துகொள்ளும் ஆசை.

இப்போது முக்கியமான சேதி. உட்கார்ந்து படி.

நவம்பரில் ஊர்க் கவுன்சிலுக்குத் தேர்தல். மேயர் ஒருவர், உறுப்பினர் இருவர், ஆக மூன்று பேர் வேண்டும். இதுவரை வெண்டல் மேயர், ஆர்டித்தும் கிளிஃபர்ட்டும் உறுப்பினர்கள். கிளிஃபர்ட் போய்விட்டார். அக்டோபர் 9 மாலை நாலு மணிக்குள் மூன்றாவது ஆள் வேட்புமனுவில் கையெழுத்துப் போடாவிட்டால் ஆஸ்விக் என்ற ஊரே கிடையாது. மாகாணம் நம்மை வட்டாரத்தோடு சேர்த்துவிடும். கிணற்று மோட்டாரை நிறுத்துவார்கள். ஊர்க் கூடத்துக்குப் பூட்டு. பலகையை எண்ணோடு சேர்த்துப் பிடுங்கிப் போவார்கள்.

மூன்றாவது ஆள் யார் என்று எண்ணிப் பார். ரமோஸ் வீட்டில் நாலு பேர். நல்லவர்கள், பன்றிப் பண்ணையில் வேலை, ஆனால் இன்னும் குடியுரிமை கிடைக்கவில்லை. லாரி ஓட்டுகிறவன் மாதத்தில் நாலு நாள்தான் ஊரில் இருக்கிறான். அவனோடு இருக்கும் பெண் பக்கத்து மாகாணமான ஆல்பர்ட்டாவில் வாக்காளர். கிளிஃபர்ட்டின் மனைவிக்குக் காது சுத்தமாகக் கேட்காது. ஸ்டாட் சகோதரர்கள் இருவரில் ஒருவன் பேனாவை எடுத்தால் மற்றவன் வீட்டை விட்டே வெளியேறுவான். வெண்டலின் மனைவிக்குக் கை நடுங்குகிறது. மீதி இருப்பது நான்.

வெண்டல் வந்தான். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, தாளை என் சமையலறை மேசையில் வைத்தான். யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

"இதுல யோசிக்க என்னம்மா இருக்கு? கையெழுத்துதானே கேட்கிறேன், கிட்னியையா கேட்கிறேன்?" என்றான்.

கிட்னி என்றால் இரண்டு இருக்கிறது, கையெழுத்து ஒன்றுதான் என்றேன். சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றான். "பல்கலைக்கழகம் போனவங்ககிட்ட பேசவே பயமா இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனான். தாளை மேசையிலேயே விட்டுவிட்டுப் போனான். இப்போது அதன் மேல்தான் என் தேநீர்க் கோப்பையை வைக்கிறேன்.

அன்றிலிருந்து என் வாசலில் பொருள்கள் முளைக்கின்றன. ஒரு வாளி சுரைக்காய். ருபார்ப் ஜாம் இரண்டு பாட்டில். என் வீட்டு முன் ஓடைப் புல்லை யாரோ வெட்டியிருக்கிறார்கள். ஊருக்குத் திரும்பி வந்து ஆறு வருடமாக இங்கே இருக்கிறேன், புல் இடுப்பளவு வளர்ந்தபோது யார் கண்ணிலும் படவில்லை. சுரைக்காயை நான் எடுக்கவில்லை. வாசலிலேயே அழுகுகிறது. போகிறவர்கள் பார்த்துக்கொண்டு போகிறார்கள். எனக்கு நாற்பத்தொன்பது ஆகப்போகிறது சிக்னி. இந்த வயது வரை யாரும் என்னிடம் எதற்காகவும் கெஞ்சியதில்லை. நன்றாகத்தான் இருக்கிறது.

நான் கையெழுத்துப் போடப் போவதில்லை. ஏன் என்று உனக்குச் சொல்லத் தேவையில்லை. ஆனாலும் எழுதுகிறேன், எழுதுவதில் ஒரு சுகம் இருப்பதால்.

அப்பா கல்விக் குழுவில் நம் ஊருக்கான உறுப்பினராக இருந்தார். பள்ளியில் ஒன்பது பிள்ளைகள். அதில் இரண்டு பேர் நாம். மூடுவதா என்ற வாக்கெடுப்பில் அப்பா மூடலாம் என்று கை தூக்கினார். ஒன்பது பிள்ளைகளுக்காகக் கொதிகலன் எரிக்கப் பணம் இல்லை என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் தெரிந்ததைக் கை தூக்கிச் சொன்னவர் அவர் ஒருவர்தான். ஆர்டித் அந்தப் பள்ளியின் ஆசிரியை. அதன் பிறகு தேவாலயத்தில் நம் வரிசையில் யாரும் உட்காரவில்லை. பனித்தளத்தில் கல்லைச் சறுக்கி விடும் கர்லிங் ஆட்டத்துக்கு அப்பாவோடு அணி சேர ஆள் வரவில்லை. அந்தப் பனித்தளத்தைத் தனியாகச் செதுக்கிக்கொண்டிருந்தபோதுதான் பிப்ரவரியில் விழுந்தார்.

இந்த ஊரில் சாவு விழுந்தால் என்ன நடக்கும் என்று நம் இருவருக்கும் தெரியும். ஆர்டித் முதல் போன் செய்வாள். அவள் இரண்டு பேருக்கு, அவர்கள் ஆளுக்கு இரண்டு பேருக்கு. யார் முட்டை சாண்ட்விச், யார் ஊறுகாய், யார் இனிப்பு என்று அரை மணி நேரத்தில் முடிவாகிவிடும். போன் வராமல் யாரும் தட்டோடு வரமாட்டார்கள். வந்தால் எல்லோரும் முட்டையையே கொண்டுவந்துவிடுவார்கள் என்ற பயம். அப்பாவுக்கு அந்த முதல் போன் போகவில்லை. அம்மா தானே கூடத்துக்குப் போய், எண்பது கோப்பை பிடிக்கிற பெரிய பாத்திரத்தில் காபி போட்டு வைத்தாள். அடக்கம் முடிந்து எல்லோரும் தங்கள் பிக்கப் வண்டிகளில் ஏறி வீட்டுக்குப் போனார்கள். கூடத்தில் நாம் மூன்று பேரும் பாதிரியாரும். அவர் அலமாரியில் கிடந்த உப்பு பிஸ்கட் இரண்டைத் தின்றார். அம்மா கடைசியில் அந்தப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு பின்வாசலுக்குப் போய்ப் பனியில் கவிழ்த்தாள். பனியில் பழுப்பாக ஒரு குழி விழுந்தது. ஏப்ரல் வரை அந்தக் கறை இருந்தது. பள்ளிக்குப் பேருந்து ஏறும்போது தினமும் பார்த்தேன்.

அதற்குப் பிறகு இந்த ஊரில் விழுந்த ஒவ்வொரு சாவுக்கும் அம்மா எலுமிச்சை இனிப்பு செய்துகொண்டு போனாள். நாற்பத்தொரு சாவு. யாரும் போன் செய்யவில்லை. தட்டின் அடியில் டேப் ஒட்டி அதில் தன் பெயரை எழுதி, மேசை நடுவில் வைத்துவிட்டு, ஒரு வாய் காபி கூடக் குடிக்காமல் திரும்பிவிடுவாள். தட்டைத் திருப்பித் தர வருகிறவர்கள் அந்தப் பெயரைப் படித்துத்தான் ஆகவேண்டும். இதைவிட நல்ல பழிவாங்கலை நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை.

இப்போது என் முறை. எனக்கு இனிப்பு செய்ய வராது. ஒன்றும் செய்யாமல் இருக்க வரும். அதைச் செய்யப்போகிறேன். மோட்டார் நின்றால் ஆர்டித் தன் வீட்டில் ஒரு குளிர்காலம் தாங்கமாட்டாள். எண்பத்துநாலு வயது. அம்மா இருக்கும் இல்லத்திலேயே அவளுக்கும் ஒரு கட்டில் கிடைக்கலாம்.

நீயும் இதில் என்னோடு இருக்கிறாய் என்று ஒரு வரி எழுது. போதும்.

உன் தங்கை,
மார்லிஸ்


ஆஸ்விக்
செப்டம்பர் 27

சிக்னிக்கு,

உன் அஞ்சலட்டை வந்தது. கலங்கரை விளக்கம் அழகாக இருக்கிறது. பின்பக்கம் நீ எழுதியிருக்கும் ஐந்து சொற்களை இத்தனை நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். "கையெழுத்துப் போடு. தயவுசெய்து. காரணம் கேட்காதே." நாலு பக்கம் எழுதியவளுக்கு ஐந்து சொல்.

காரணம் நான் கேட்கவில்லை. அதுவாகவே வீடு தேடி வந்தது.

சென்ற செவ்வாய் மதியம் ஆர்டித் வந்தாள். இரண்டு தெரு தூரம், நடைவண்டியைத் தள்ளிக்கொண்டு, காற்றில். வழியில் ரமோஸின் மனைவி காரை நிறுத்தி ஏறச் சொல்லியிருக்கிறாள், இவள் மறுத்துவிட்டாள். ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தேன். என் வாசல்படி மூன்றையும் ஏற அவளுக்கு எவ்வளவு நேரமானது என்று சொல்ல மாட்டேன். நான் எழுந்து உதவவில்லை. கையில் ஒன்றும் கொண்டுவரவில்லை. அழுகிய சுரைக்காயைத் தாண்டி உள்ளே வந்து நின்றாள். உட்காரச் சொல்லவில்லை.

"முப்பத்துமூணு வருஷம் லேட்டு. சாண்ட்விச் எங்கே?" என்று கேட்டேன். எத்தனை வருடமாக இந்த வாக்கியத்தை மெருகேற்றி வைத்திருந்தேன் தெரியுமா.

அவள் முகம் மாறும் என்று நினைத்தேன். "ஓ, அதுதானா விஷயம்?" என்றாள். "உன் வீட்டு வரியை ஏத்துனதுல கோபம்னு வெண்டல் நெனச்சுக்கிட்டிருக்கான், முட்டாப் பய." பிறகு நான் சொல்லாமலே நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். அந்தத் தாள் அவள் முழங்கைக்குக் கீழே இருந்தது. அதில் என் கோப்பையின் வட்டங்களை விரலால் எண்ணினாள்.

நான் பள்ளியில் அவளிடம் எட்டு வருடம் படித்தவள். பேசி முடிக்கும் வரை நடுவில் புக முடியாது. அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"உங்கப்பா செத்த அன்னிக்குச் சாயங்காலம் நான் போன் பண்ணினேன். முதல் போன் எப்பவும் சாவு வீட்டுக்குத்தான், தெரியும்ல? எத்தனை பேருக்குன்னு கேக்கணும். உன் அக்கா எடுத்தா. எத்தனை பேருக்கும்மான்னு கேட்டேன். 'யாருக்கும் வேண்டாம். எங்கப்பாவைக் கொன்னுட்டு ரொட்டி சுட வர்றீங்களா? உங்க சாண்ட்விச்சை நீங்களே தின்னுங்க. எவளாவது தட்டோட வந்தா தட்டைத் தூக்கித் தெருவுல எறிவேன்'னா. வெச்சுட்டா."

பொய் என்றேன்.

"பொய் சொல்ற வயசெல்லாம் தாண்டியாச்சு பொண்ணே. இன்னொண்ணும் சொல்றேன், அதையும் கேட்டுக்கோ. அந்தச் சின்னப் பொண்ணு சொன்னதுக்காகவா நான் நின்னேன்? இந்த ஊர்ல என்னைக்காவது பதினெட்டு வயசுப் பொண்ணு பேச்சை யாராவது கேட்டிருக்காங்களா? வாயை மூடுடின்னு சொல்லிட்டு அடுத்த போனைப் போட்டிருக்கலாம். போடல. அவ சொன்னது எனக்கு வசதியா இருந்துச்சு. என் பள்ளிக்கூடத்தை மூடினவனுக்கு நான் ஏன் ரொட்டி வெட்டணும்னு இருந்துச்சு. அதுக்கு என்னைத் திட்டிக்கோ. நடந்ததுல பாதிதான் என்னோடது. அந்தப் பாதியை நான் இல்லைன்னு சொல்லல."

எழுந்தாள். கையெழுத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. வாசலில் நின்று, சுரைக்காயைக் காட்டி, "அதைத் தூக்கிப் போடு, எலி வரும்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

எனக்கு ஒரு சாட்சி போதாது என்பது உனக்குத் தெரியும். என் மண் பரிசோதனை வேலையில் கூட ஒரே குழியிலிருந்து எடுத்த மாதிரியை நம்பமாட்டோம். மறுநாள் இல்லத்துக்குப் போனேன். அம்மாவுக்கு மதியச் சாப்பாடு கொடுத்துக்கொண்டே, அன்று சிக்னி போனில் பேசினாளா என்று சாதாரணமாகக் கேட்டேன். அம்மா கரண்டியைத் தள்ளினாள்.

"பேசினா. நான் அடுத்த ரூம்லதான் இருந்தேன். உங்கப்பாவோட கோட்டைத் தேய்ச்சுக்கிட்டிருந்தேன்."

அப்படியானால் காபி ஏன் போட்டாய் என்றேன். யாரும் வரமாட்டார்கள் என்று தெரிந்தும் எண்பது கோப்பை ஏன்?

"வந்தாலும் வருவாங்கன்னு நெனச்சேன். ஒரு பொண்ணு கோபத்துல சொன்னதை மனசுல வெச்சுக்கிட்டு ஊரே வராம இருக்கும்னு நான் நெனைக்கல. ஒருத்தியாவது வருவான்னு பாத்தேன்."

என்னிடம் ஏன் இத்தனை வருடம் சொல்லவில்லை என்றேன். கோபமாகத்தான் கேட்டேன். பக்கத்துக் கட்டில்காரி திரும்பிப் பார்த்தாள்.

அம்மா சொன்னாள்: "சொன்னா நீ அவளை வெறுத்திருப்ப. ஊரை வெறுக்கிறது சுலபம்டி, தூரமா நின்னுக்கிட்டே வெறுக்கலாம். அக்காவை வெறுத்தா அதே மேசையில எப்படிச் சாப்பிடறது?"

நீ ஜூனில் பள்ளி முடித்ததும் ரயில் ஏறிவிட்டாய். நமக்குப் பொதுவான மேசை ஒன்று அதற்குப் பிறகு இருக்கவேயில்லை. அம்மாவின் கணக்கு அங்கே தப்பிவிட்டது. நான் முப்பத்துமூன்று வருடம் இந்த ஊரில் மிஞ்சிய பழைய ஆட்களையும், அவர்களுக்கு முன் இருந்து இறந்தவர்களையும் சேர்த்து, பெயர் பெயராக வெறுத்திருக்கிறேன். மளிகைக் கடையில் பின்னால் நிற்கிறவர்களின் கூடையைப் பார்த்துக் கூட வெறுத்திருக்கிறேன். அதில் பாதி உன் பங்கு. நீ அங்கே கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

போனை ஏன் எடுப்பதில்லை என்று இனி கேட்க மாட்டேன்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். நடந்தது இதுதானா? ஆமாம் அல்லது இல்லை. அக்டோபர் 9-க்குள் பதில் வரவில்லை என்றால் ஆமாம் என்று வைத்துக்கொள்வேன்.

மார்லிஸ்


ஆஸ்விக்
அக்டோபர் 11

சிக்னிக்கு,

பதில் வரவில்லை. சரி.

இதை விரைவு அஞ்சலில் அனுப்புகிறேன், திங்கள் விடுமுறை என்பதால் செவ்வாய்க்கிழமை உன் கையில் கிடைக்கும் என்று தபால்காரி சத்தியம் செய்கிறாள். கெட்ட சேதியை முதலில் சொல்வதுதான் முறை. அம்மா நேற்றுக் காலை போய்விட்டாள். கஞ்சி குடித்தாள், கிண்ணத்தைத் தானே நகர்த்தி வைத்தாள், படுத்தாள். செவிலி திரைச்சீலையை இழுத்துவிட்டுத் திரும்புவதற்குள் முடிந்துவிட்டது. வலி இல்லை என்கிறார்கள். அதை எப்படி அவர்கள் அளந்தார்கள் என்று நான் கேட்கவில்லை.

முந்தின நாள் நடந்ததை இப்போது எழுதுகிறேன். இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கிறது.

9-ஆம் தேதி மதியம் வரை நான் வீட்டை விட்டு வெளியே வரவில்லை. மூன்றரைக்குத் தாளை எடுத்துக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டு நடந்தேன். போடுவதா வேண்டாமா என்று அப்போதும் முடிவு செய்யவில்லை. அவர்கள் முகத்தைப் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும் என்பது மட்டும் முடிவாகியிருந்தது. பழைய தீயணைப்பு அறைதான் இப்போது ஊர் அலுவலகம். வாரம் இரண்டு நாள் வருகிற எழுத்தர் பெண் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெண்டல் ஜன்னலுக்கும் கதவுக்கும் நடந்துகொண்டிருந்தான். ஆர்டித் மூலையில், தேவாலயத்துக்குப் போகிற கோட்டைப் போட்டுக்கொண்டு, கைப்பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். அந்தக் கைப்பை இல்லத்துக்குப் போகிறவள் எடுத்து வைக்கிற பை மாதிரி இருந்தது. அது எனக்குத் தோன்றியதாகவும் இருக்கலாம்.

வெண்டல் என்னைப் பார்த்ததும் பேனாவை நீட்டினான். நான் வாங்கவில்லை. ஆர்டித்தைப் பார்த்து, என் வீட்டில் சொன்னதை இங்கே சொல்லுங்கள் என்றேன். நாலு மணிக்கு இன்னும் பதினெட்டு நிமிடம்.

வெண்டல், "என்னம்மா இது, இப்போ போய்..." என்று ஆரம்பித்தான்.

ஆர்டித் எழுந்து நின்றாள். வகுப்பில் பாடம் ஒப்பிக்கிறவர்கள் நிற்பது போல, நடைவண்டியை விட்டுவிட்டு நின்றாள்.

"இவ அப்பா ஐனார் செத்தப்போ நான் யாருக்கும் போன் பண்ணல. பண்ணியிருக்கணும். வீட்டுல உக்காந்து ஜன்னல் வழியாக் கூடத்தையே பாத்துக்கிட்டிருந்தேன். அவன் பொண்டாட்டி காபியைக் கொட்டினதையும் பாத்தேன். எனக்குச் சந்தோஷமாத்தான் இருந்துச்சு. போதுமா?"

உன் பெயரைச் சொல்லவில்லை, சிக்னி. சொல்ல வேண்டாம் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. சொல்லட்டும் என்றுதான் காத்திருந்தேன். அவள் முழுவதையும் தன் மேல் எடுத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். பகையாளியிடம் இருந்து இப்படி ஒன்று வருவது எவ்வளவு எரிச்சலாக இருக்கிறது என்று உனக்கு விளங்குமா?

வெண்டல் தரையைப் பார்த்து, "எங்களுக்கு யாரும் சொல்லல மார்லிஸ். போன் வந்திருந்தா நாங்க வந்திருப்போம்" என்றான்.

"நீ வாயை மூடு வெண்டல்" என்றாள் ஆர்டித். "காபி வாசனை உன் வீடு வரைக்கும் வந்துச்சு."

எழுத்தர் பெண் பாவம், பக்கத்து ஊர்க்காரி, எதுவும் புரியாமல் காகிதத்தை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

போதுமா என்று கேட்டாள் அல்லவா. போதாது என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.

மனம் இளகிவிட்டது என்று நினைக்காதே. அந்த நிமிடத்தில் எனக்கு ஒன்று விளங்கியது, அதனால்தான் போட்டேன். ஊர் கலைந்துவிட்டால் என்ன ஆகும்? மாவட்டப் பத்திரிகையில் அரைப் பக்கம் கண்ணீர் விட்டு எழுதுவார்கள். பழைய தானியக் கோபுரத்தின் படம் போடுவார்கள். எவ்வளவு அன்பான மனிதர்கள், ஒருவர் வீட்டுச் சாவுக்கு எல்லோரும் சமைத்தார்கள் என்று எங்கோ இருக்கிற பேரப்பிள்ளைகள் படித்து நெகிழ்ந்துபோவார்கள். செத்த ஊரை எல்லோரும் மன்னித்துவிடுவார்கள். அப்படித் தப்பித்துப் போக நான் விடமாட்டேன். இது உயிரோடு இருக்க வேண்டும். என் கண் முன்னால் இருக்க வேண்டும். தெருவிளக்கு எரியவில்லை என்றால் ஆர்டித் என்னைத்தான் கூப்பிட வேண்டும். மாதம் ஒரு முறை அந்த மேசையில் என் எதிரில் உட்கார்ந்து, அன்று கை தூக்கிய அப்பாவின் மகள் கை தூக்குவதைப் பார்க்க வேண்டும்.

அன்று சாயங்காலமே இல்லத்துக்குப் போய் அம்மாவிடம் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டே சிரித்தாள். "நீயும் மாட்டிக்கிட்டியா? உங்கப்பாவும் இப்படித்தான், மூணாவது ஆள் இல்லைன்னு போனார்" என்றாள். அதுதான் அவள் என்னிடம் பேசிய கடைசி வாக்கியம்.

நேற்று மதியம் வீட்டுப் போன் அடித்தது. ஆர்டித். துக்கம் விசாரிக்கவில்லை, நல்லவேளை.

"எத்தனை பேருக்கு?" என்று கேட்டாள்.

எண்பது என்றேன்.

இந்த ஊரில் பதின்மூன்று பேர். வட்டாரம் முழுக்கத் திரட்டினாலும் நாற்பது தேறாது. அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். போனை வைத்துவிடுவாள் என்று காத்திருந்தேன்.

"எண்பது. சரி" என்றாள். பென்சிலால் எழுதுகிற சத்தம் கேட்டது.

அரை மணி நேரத்தில் ஊரில் எல்லா வீட்டிலும் போன் அடித்தது. வெளியே நின்றால் ஒவ்வொரு வீடாகக் கேட்கும், அவ்வளவு சின்ன ஊர். ரமோஸ் வீட்டுக்கும் போயிருக்கிறது. அந்தப் பெண் என்னிடம் ஓடி வந்து, எங்கள் ஊரில் சாவுக்கு நூடுல்ஸ் செய்வோம், செய்யலாமா என்று கேட்டாள். செய் என்றேன். ஸ்டாட் சகோதரர்களுக்கு ஊறுகாய், தனித்தனி பாட்டில். வெண்டல் இன்றைக்கே கூடத்தைக் கழுவுகிறான். பெரிய காபிப் பாத்திரம் மாடியில் இருந்து இறங்கியிருக்கிறது, அடியில் முப்பத்துமூன்று வருடத் தூசி என்றான். அதற்குப் பிறகும் எத்தனையோ சாவுக்கு அதில் காபி போட்டிருக்கிறார்கள் என்று நான் திருத்தவில்லை. அவன் அப்படி நினைத்துத் தேய்த்தால் இன்னும் பளபளக்கும்.

எலுமிச்சை இனிப்பு யார் செய்வது என்று ஆர்டித் கேட்டாள். யாரும் செய்யக் கூடாது என்றேன். மேசை நடுவில் அந்த இடம் காலியாக இருக்கட்டும். அம்மாவின் தட்டை மட்டும் கவிழ்த்து வைக்கப் போகிறேன், டேப் மேலே தெரிகிற மாதிரி.

அடக்கம் 19-ஆம் தேதி சனிக்கிழமை, மதியம் இரண்டு மணி. அப்பாவுக்குப் பக்கத்தில். தரை இன்னும் உறையவில்லை, வெட்டுவது சுலபம்.

இனி உன் விஷயம். உன்னை நான் மன்னிக்கவில்லை. தூரத்தில் இருக்கிறவர்களை மன்னிப்பது அந்தச் செத்த ஊரை மன்னிப்பது மாதிரிதான், செலவில்லாத வேலை. அதை உனக்கும் தர எனக்கு மனமில்லை. நீ இங்கே வர வேண்டும். அந்தக் கூடத்தில், எல்லோர் கண்ணிலும் படும்படி, தட்டோடு நிற்க வேண்டும். எண்பது கோப்பையும் தீரும் வரை நீதான் ஊற்ற வேண்டும். ஆர்டித்துக்கு முதலில். எனக்குக் கடைசியில்.

ஆர்டித் நேற்று உன்னையும் கூப்பிட்டாளாம். பன்னிரண்டு முறை அடித்தது, எடுக்கவில்லை என்றாள். குறை சொல்கிற குரலில் சொல்லவில்லை. மறுபடி புதன்கிழமை கூப்பிடச் சொல்லியிருக்கிறேன். உன் நேரம் மாலை ஆறு மணி, இங்கே மூன்று. அவளுக்குக் கண் மங்கல், எண்ணை ஒவ்வொன்றாகத் தடவித்தான் அழுத்துவாள், அதனால் ஓரிரு நிமிடம் முன்பின் ஆகலாம். பழைய கதை எதையும் பேசமாட்டாள். எத்தனை பேருக்கு என்றும் கேட்கமாட்டாள், அதை நான் சொல்லியாகிவிட்டது. நீ என்ன கொண்டு வருகிறாய் என்று மட்டும் கேட்பாள்.

முட்டை சாண்ட்விச் என்று சொல். அதை யாருக்கும் கொடுக்காமல் வைத்திருக்கிறோம்.

அன்று காற்று பலமாக இல்லாமல், உன் விமானம் நேரத்துக்கு இறங்கட்டும். சஸ்கட்டூன் விமான நிலையத்துக்கு வந்து கூட்டிப் போகிறேன். குளிருக்கு நல்ல கோட்டாகப் போட்டுக்கொள்.

போன் அடிக்கும். எடு, சிக்னி.

மார்லிஸ்